வேண்டா வீட்டு விசில்

கேளம்பாக்கத்தில் அந்தக் குரல் தெருமுனையில் ஏறினால் போதும், அடுப்படியில் இருப்பவர்கள் மீன் சட்டியைக் கழுவி எடுத்து வைத்துவிடுவார்கள். "வஞ்சிரம் கீது, காரப்பொடி கீது, வவ்வாலு கீது" என்று முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரே அளவாகக் கேட்கும். அதுதான் கோவளத்து வேண்டா. வரிசையாக மூன்று பெண் பிறந்து நாலாவதும் பெண்ணாகப் போனதில் பெற்றவர்கள் வைத்த பெயர். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தப் பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துச் சோறு போட்டது அவள்தான்.

வேண்டாவுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். உண்மைதான். பேரம் பேச வந்தவர்கள் பேசாமல் மீனை வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாய் ஜாஸ்தியான பொம்பளைக்கு நன்றி விசுவாசம் இருக்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்கள் எழுபத்தைந்தாம் வருஷம் கோவளத்தில் இல்லாதவர்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில், கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். அவள் புருஷன் மாயவன் கரையேறும்போது பின்னால் வந்த அலை, கட்டுமரத்தைத் தூக்கி அவன் மேலேயே போட்டது. ஆள் பிழைத்தான். வலது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே இரண்டாகப் போயிற்று. அவன் தம்பி சின்னராசுவும் இன்னும் மூன்று பேரும் ஒரு கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடி, மீன் ஏற்ற வந்த லாரியில் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருபது நாள் அங்கே கிடந்தான். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பும்போது டாக்டர், "எலும்பு ஒண்ணு கூட மூணு மாசம் ஆகும்மா. நல்ல சாப்பாடு கொடு" என்றார்.

நல்ல சாப்பாடு என்றால் என்ன என்று டாக்டர் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் கையை ஒடித்துக்கொண்டு படுத்திருந்த லாரி டிரைவர்தான் சொன்னார். "ஆட்டுக்கால் சூப்பு குடும்மா. குடிச்சிட்டு வாயை மூடினா ரெண்டு உதடும் ஒட்டிக்கணும். அப்பத்தான் எலும்பு ஒட்டும்."

வேண்டா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். சிக்கல் என்னவென்றால், மீனைத் தவிர வேறெதையும் அவள் அதிகமாகச் சமைத்ததில்லை. மீன் இரண்டு கொதியில் வெந்துவிடும். மூன்றாவது கொதி வைத்தால் கரைந்துவிடும். அந்தக் கணக்கிலேயே ஆட்டுக்காலையும் போட்டு இரண்டு கொதி வைத்தாள். சந்தேகம் வந்து இன்னும் இரண்டு கொதி வைத்து, மிளகைத் தட்டிப் போட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள்.

மாயவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தான். "இன்னா இது? ஆடு தண்ணில எறங்கி நடந்து போச்சா?"

அவள் திட்டிக்கொண்டே மறுபடியும் அடுப்பில் வைத்தாள். ஆனால் ஆட்டுக்கால் வேகும்வரை அடுப்பின் பக்கத்தில் உட்கார அவளுக்கு ஏது நேரம்? விடியலில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுக்க வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு கேளம்பாக்கம் போக வேண்டும். பெற்ற இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பவனால் விறகைத் தள்ளிவிட முடியாது. மத்தியானம் அவள் திரும்பி வரும்போது அடுப்பு அணைந்து, சட்டிக்குள் கால் கல்லாகவே கிடக்கும்.

இதைக் கோவளத்துப் பள்ளிவாசல் தெருவில் சைதூன் வீட்டு வாசலில் மீனை ஆய்ந்துகொண்டே ஒருநாள் ஒப்பாரியாக வைத்தாள். சைதூன் பத்து வருஷத்து வாடிக்கை. புருஷன் ஜலாலுதீன் பட்டணத்தில் பாத்திரக் கடையில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார்.

"எத்தினி நேரம் வெச்சே?" என்றாள் சைதூன்.

"மொத நாளு நாலு கொதி வெச்சேன்க்கா."

சைதூன் சிரித்த சிரிப்பில் மீன் தின்ன வந்த பூனை ஓடிப்போயிற்று. "அடிப்பாவி, எங்க வூட்ல அது ராத்திரி பூரா அடுப்புல கெடக்கும். நாலு கொதியாம்!" சிரித்து முடித்தவள் எதையோ யோசித்தாள். உள்ளே போய், பரணில் பழைய பாவாடையைச் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துவந்து வேண்டாவின் முன்னால் வைத்தாள்.

பிரஷர் குக்கர். வேண்டா அதற்குமுன் பார்த்ததில்லை. ஜலாலுதீன் போன ரம்ஜானுக்கு ஆசையாக வாங்கி வந்தது. முதல் நாள் அது விசில் அடித்தபோது சைதூன் தலையில் முக்காடு இல்லாமல் தெருவுக்கே ஓடிவிட்டாள். தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஆம்பிளைகள் நின்று பார்த்தார்கள். அந்த வெட்கத்தில் அதைப் பரணில் ஏற்றியவள் பிறகு தொடவே இல்லை.

"ஒனக்குத்தான் பயமே கெடையாதே. நீ எடுத்துக்கினு போ. அவரு கால ஊனி நடக்கற வரைக்கும் ஒங்க வூட்லயே இருக்கட்டும். மச்சான்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஐயோ, இம்மாம் பெரிய பொருளு வேணாம்க்கா."

"எடுத்துக்கினு போடின்னா!" என்று அதட்டிவிட்டு, ஜலாலுதீன் தனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னாள். காலைத் தணலில் வாட்டி, முடியைச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவிப் போட வேண்டும். ஆவி நன்றாக வந்த பிறகுதான் வெயிட்டைப் போட வேண்டும். "இந்த வெயிட்டு பத்திரம். இது போச்சுன்னா குக்கரும் ஒண்ணுதான், குண்டானும் ஒண்ணுதான்." கட்டைவிரல் பருமனில், தலையில் ஒரு சின்னக் கொண்டை வைத்தது போல் பளபளவென்று இருந்தது அந்த வெயிட்.

வேண்டா வீட்டில் ஸ்டவ் கிடையாது. மண் அடுப்புதான். அடுத்தவர் பொருளில் கரி ஏறக்கூடாது என்று குக்கரின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசினாள். விசில் வந்ததும் தீயைக் குறைக்க விறகை வெளியே இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும் சூப்பு நாள். சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு, மிளகும் சீரகமும் அரைத்து ஊற்றி, பத்து விசில். குப்பம் முழுக்க அது கேட்கும். "வேண்டா வூட்டு பஸ்ஸு கெளம்பிடுச்சுடோய்" என்று கரையில் கத்துவார்கள். அவளும் சும்மா விடுவாளா? "ஆமாண்டா, டிக்கெட் எடுத்துக்கினு வாங்க" என்பாள்.

முதல் கிண்ணத்தை மாயவன் குடித்துவிட்டு வாயை மூடினான். திறக்கும்போது உதடு கொஞ்சம் ஒட்டிப் பிரிந்தது. வேண்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பொருளைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்தவள் நன்றாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கடலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

தை பிறந்ததும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். கட்டைப் பிரித்து, படம் எடுத்து, டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லா கூடியிருக்கு. இனிமே காலை ஊனி நடக்கணும். நடக்க நடக்கத்தான் பலம் வரும்." வேண்டா சூப்பு விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் சிரித்தார். "எலும்பு சூப்பால கூடிச்சா, தானா கூடிச்சான்னு எனக்குத் தெரியாதும்மா. கொடு, நல்லதுதான்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. மாயவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் போவட்டும்" என்றான். இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று, ஒரு மாசமாயிற்று. தைரியத்தில் குறைந்தவன் இல்லை. புயலில் இரண்டு நாள் கடலில் கிடந்து திரும்பியவன். ஆனால் அந்தக் கட்டுமரம் விழுந்தபோது எலும்பு ஒடிந்த சத்தத்தை அவன் காதாலேயே கேட்டிருக்கிறான். பாதத்தைத் தரையில் வைத்து அழுத்தினால் அந்தச் சத்தம் மறுபடி கேட்கும் என்று அவனுக்குள் உட்கார்ந்துவிட்டது. சின்னராசு வாங்கிவந்த ஊன்றுகோல் சுவரில் சாய்ந்தே கிடந்தது. தவழ்ந்து வாசல் கீற்றுப் பந்தலுக்கு வருவான், உட்கார்ந்து வலை பொத்துவான், தவழ்ந்து உள்ளே போவான். நைலான் வலை வந்த புதுசு அது. கிழிந்த வலையெல்லாம் அவனிடம்தான் வரும். கண்ணால் பார்க்கவே மாட்டான், விரலே எல்லாம் பார்த்துக்கொள்ளும்.

வேண்டா கெஞ்சிப் பார்த்தாள். கத்தியும் பார்த்தாள். "காலு நல்லாகீதுன்னு டாக்டரே சொல்ட்டாரு, இன்னாத்துக்குய்யா இப்படி குந்திக்கினே கீறே?" என்று தெரு கேட்கக் கேட்டாள். அவன் ஊசியை எடுத்து வலையில் கோத்துக்கொள்வான். இந்த மனுஷன் கடைசிவரை தவழ்ந்தே போய்விடுவானோ என்ற பயம் அவளை அரித்தது. கூடையைச் சுமக்கும்போதும் அதே நினைப்புதான். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சூப்பு. எலும்புக்குப் பத்து விசில் என்றால் பயத்துக்கு எத்தனை விசிலோ என்று பன்னிரண்டு வைத்தாள்.

மாசி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை. சூப்பு வைத்து, குக்கரைத் துலக்கிக் கவிழ்த்தாள். வெயிட்டைக் கழுவிவிட்டு எங்கே வைப்பது என்று பார்த்தாள். சுற்றி மணல். விழுந்தால் போயிற்று. மாயவன் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதில் போட்டுவிட்டு உள்ளே படுக்கப் போனாள்.

அது அவன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு போட்டு வைக்கிற கொட்டாங்கச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டுக்காலைக் கழுவிப் போட்டு, மூடியை மாட்டி, ஆவி வந்த பிறகு வெயிட்டைத் தேடினாள். கொட்டாங்கச்சியில் ஈயம்தான் இருந்தது. பானைக்குப் பின்னால் பார்த்தாள், பாயை உதறினாள், மணலைச் சல்லடையால் சலித்தாள். பக்கத்து வீட்டு ராஜம் எட்டிப் பார்த்தபோது, "யாருடி எடுத்தது, கை வெளங்குமா?" என்று அவள் மேலும் பாய்ந்தாள். ராஜம் பாவம், குக்கரையே தொட்டதில்லை. அடுப்பின் மேல் அது வெறுமனே புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா தொலைச்சே?" என்றான் மாயவன்.

"சைதூன் அக்கா வெயிட்டுய்யா! இம்மாத்தூண்டு இருக்கும், தலைல கொண்டை வெச்சா மாதிரி, பளபளன்னு. இந்தக் கொட்டாங்கச்சிலதான் போட்டேன்."

மாயவன் முகம் மாறிப்போயிற்று. ஊசியைக் கீழே வைத்தான். "அத நான் வலையில கட்டிட்டேன்."

"இன்னாது?"

"கையில பட்டுச்சு. நைலான் வலையோட பட்டணத்துலேர்ந்து புது மாதிரி குண்டு வந்துகீதுன்னு நெனச்சேன். கழுத்தாண்ட நல்லா கட்ட வந்துச்சு. சின்னராசு வலை."

மூன்று மாசமாக வாரம் இரண்டு தடவை அந்த வெயிட் போட்ட சூப்பைக் குடித்தவன், அது எப்படி இருக்கும் என்று ஒருநாள்கூட அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்பிளைகளை என்ன சொல்ல! ஆனால் திட்டக்கூட நேரமில்லை. மாவலிவரம் பக்கம் இறால் படுகிறது என்று சின்னராசுவும் கூட்டாளிகளும் அன்றைக்குத்தான் கட்டுமரத்தோடு, வலையோடு அங்கே போகிறார்கள். போனால் பங்குனி கடைசிவரை வரமாட்டார்கள். வேண்டா தலைமுடியை முடியாமலே கரைக்கு ஓடினாள்.

வலைகளை மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுச் சின்னராசு தலையில் கை வைத்தான். "நாலு வலை அண்ணி. ஆயிரம் குண்டு. எல்லாத்திலயும் மணலும் பாசியும் ஏறிக் கெடக்குது, எங்கன்னு தேடறது? காத்து மாறறதுக்குள்ள கெளம்பணும். அங்க போயி காய வெக்கும்போது பாக்கறேன்." அவளும் ஒரு வலையை இழுத்துத் தடவினாள். எல்லாக் குண்டும் ஒன்றாகவே இருந்தது. அடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருளைக் கடலில் போட்டுவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. என்ன முகத்தோடு இனி அந்த வாசலில் கூடையை இறக்குவது?

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

குப்பத்துப் பக்கமிருந்து மணலில் ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். கையில் ஊன்றுகோல். ஒரு காலை வைத்து, நின்று, மறு காலை இழுத்து வைத்து வந்தான். மணல் கணுக்கால்வரை உள்ளே வாங்கியது. அவன் பாதத்தைப் பிடுங்கி மறுபடி ஊன்றினான்.

சின்னராசு "அண்ணே!" என்று வாயைத் திறந்தான். வேண்டா அவன் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். கூப்பிட்டால் அவனுக்குக் கால் ஞாபகம் வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடிப்போய்த் தாங்கவும் இல்லை. கேளம்பாக்கம் வரைக்கும் கேட்கிற தொண்டையை அடக்கிக்கொண்டு, அவன் வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்து நின்றாள்.

மாயவன் வலைக் குவியல் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். வேர்வை ஊற்றியது. "பாய் வூட்டுப் பொருளு. எடுக்காம இந்த மரம் தண்ணில எறங்கக் கூடாது" என்றான். வலையின் அடிக்கயிற்றை மடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே ஓட்டினான். மற்றவர்களுக்கு எல்லா முடிச்சும் ஒன்று. அவனுக்கு அவன் போட்ட முடிச்சு தெரியும். முதல் வலை போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் விரல் நின்றது. கத்தியால் கயிற்றை அறுத்து எடுத்துத் துடைத்தான். பாசி விலகியதும் வெயிட் பளபளத்தது. கழுத்தில் நைலான் முடிச்சு அப்படியே இருந்தது.

வேண்டா கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. "தொலைச்சது நானு. நானே குடுக்கறேன்" என்று ஊன்றுகோலை எடுத்தான்.

கரையிலிருந்து பள்ளிவாசல் தெரு அப்படி ஒன்றும் தூரமில்லை. அன்றைக்கு அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலு இடத்தில் நின்றான். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ராஜம் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டா ஓரடி பின்னால், தொடாமல், கையை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் வாய் திறக்காமல் தெருவில் போனது அன்று ஒருநாள்தான்.

சைதூன் மாவு பிசைந்த கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ஒங்க பொருளு" என்று மாயவன் வெயிட்டை நீட்டினான். "ஈயக்குண்டுன்னு நெனச்சு வலையில கட்டிப்புட்டேன். மூணு நாளா கடலுக்குப் போயி வந்துகினு இருந்துகீது. தப்பா நெனச்சுக்காதீங்க."

சைதூன் அதைப் பார்க்கவே இல்லை. அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடந்தா வந்தே?"

"ஆமாக்கா."

"கடக்கரையிலேர்ந்தா?"

"ஆமா."

"அல்லாவே" என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்து, மாவுக் கையைப் பார்க்காமல் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாருக்கோ ஒடிந்த கால், யாரோ நடக்கிறான். அவள் அழுதாள்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று வேண்டா மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து சைதூனின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒங்க குக்கராலதான் இவரு எலும்பு கூடிச்சு. ஒங்க வெயிட்டாலதான் எழுந்து நடந்தாரு. நான் ஒங்களுக்கு இன்னாக்கா செய்வேன்?"

"சும்மா இரு. கூட்டி வெச்சது அல்லா. நான் பயந்துக்கினு தூக்கிக் குடுத்தேன், அவ்ளோதான்" என்று சைதூன் மூக்கை உறிஞ்சினாள். பிறகு எழுந்தாள். "அடுப்புல வெச்ச காலு அப்படியே கெடக்குதா? குக்கரோட எடுத்துக்கினு வா. இன்னிக்கு நான் வெக்கறேன்."

அன்றைக்கு மாயவன் அந்த வீட்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதல் விசில் வந்ததும் சைதூன் வாசல்வரை ஓடினாள். ஒரு கால் வெளியே போய்விட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் இருந்தவனின் காலைப் பார்த்தாள். மெதுவாக உள்ளே திரும்பி வந்து அடுப்பின் பக்கத்தில் நின்றாள். மிச்ச ஒன்பது விசிலுக்கும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள், ஆனால் நின்றாள்.

மாயவன் சித்திரையில் கடலுக்குப் போனான். அவன் கொண்டுவந்த முதல் மீனை வேண்டா ஏலத்துக்கு விடாமல் கூடையில் எடுத்துக்கொண்டு நேரே பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். ஜலாலுதீன் ஊருக்கு வந்திருந்தார். குக்கரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிட்டின் கழுத்தில் நைலான் நூல் முடிச்சு இருப்பது கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னா இது, நூலு கீலுன்னு அசிங்கமா?" என்று அரிவாள்மணைப் பக்கம் போனார்.

சைதூன் உள்ளேயிருந்து ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "கைய எடுங்க மச்சான். ஒரு மனுஷன் நடந்து வந்து குடுத்தது. அது அப்படியேதான் இருக்கும்."

வாசலில் கூடையோடு நின்ற வேண்டாவுக்கு அது கேட்டது. மீன் வந்திருக்கிறது என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். கூப்பிடாமலே மூடிக்கொண்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, சைதூனே பார்த்து வெளியே வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.